வெற்றி உறுதியான பிறகும் ஏன் முடிவதில்லை? விண்வெளி வியூக ஆட்டங்களின் நீளம் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு விண்மீன் மண்டலத்தையே பிடித்து ஆளும் கணினி ஆட்டம் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும்? 1983இல் 'ரீச் ஃபார் தி ஸ்டார்ஸ்' வந்த நாள்முதல் இந்த வகை ஆட்டங்களை உருவாக்குகிறவர்கள் ஆளுக்கொரு பதிலைத் தங்கள் விதிகளுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1993இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' பற்றி எழுதிய ஆலன் எம்ரிச் இந்த வகைக்கு 'ஃபோர் எக்ஸ்' என்று பெயர் சூட்டினார்: தேடு, விரி, சுரண்டு, ஒழி. முதல் மூன்றும் ஆட்டக்காரரை விடிய விடிய உட்கார வைக்கக்கூடியவை. நான்காவது கட்டம் வரும்போதுதான் பலர் ஆட்டத்தைச் சேவ் செய்துவிட்டு எழுந்து போகிறார்கள்; திரும்பி வருவதில்லை.

இதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் பல. அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் உதவுகின்றன, எந்த இடத்தில் கைவிடுகின்றன என்று பார்ப்பதே இங்கு நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கத்திலேயே சான்றுகள் உண்டு. சதுரங்கத்தின் நேரக் கட்டுப்பாடு சென்னை வரை வந்த உலக விவகாரம். தாயமும் பல்லாங்குழியும் இதே சிக்கலுக்குத் தங்கள் வழியில் விடை தேடியவை. தருமபுரி மாவட்டத்தின் நடுகற்களும், சற்றே எதிர்பாராத வகையில், இந்தப் பேச்சில் சேர்கின்றன.

நீளம் என்பது ஒரே நோய் இல்லை

'ஆட்டம் ரொம்ப இழுக்கிறது' என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, தொடக்கம் மந்தமாக இருப்பது: ஒரே கோள், ஒரே கப்பல், செய்ய ஒன்றுமில்லாமல் 'அடுத்த சுற்று' பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பது. இரண்டு, காத்திருப்பு: ஆறு பேர் ஆடினால் ஐந்து பேரின் முறை முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது. மூன்று, வால்: யார் வெல்வார் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் விதிப்படி ஆட்டம் ஓடிக்கொண்டிருப்பது.

மூன்றாவது ஏன் வருகிறது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். இரண்டு பேரரசுகள் சமமாகத் தொடங்குகின்றன. ஒன்று சுற்றுக்கு 3 விழுக்காடு வளர்கிறது, மற்றது 4 விழுக்காடு. 50 சுற்றில் இரண்டாவது முதலாவதைப் போல் 1.6 மடங்கு. 100 சுற்றில் 2.6 மடங்கு. வட்டிக்கு வட்டி போல் வளரும் எதிலும் இது நடக்கும். போர் என்று வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் லான்செஸ்டர் வகுத்த விதிப்படி, எல்லாரும் எல்லாரையும் சுடக்கூடிய சண்டையில் படையின் வலு எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2.6 மடங்கு கப்பல் வைத்திருப்பவரின் போர் வலு ஏறக்குறைய 7 மடங்கு. ஆக, நூறாவது சுற்றிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் விதி 'எதிரியின் கடைசிக் கோளையும் பிடி' என்கிறது. அதற்கு இன்னும் நூறு சுற்று பிடிக்கலாம்.

அந்த நூறு சுற்றுகள் முதல் நூறைப் போல ஓடுவதும் இல்லை. இருபதாவது சுற்றில் இரண்டு கோள், ஒரு ஆய்வு, ஒரு கப்பல். அரை நிமிடத்தில் முடியும். இருநூறாவது சுற்றில் நாற்பது கோள்கள், ஒவ்வொன்றிலும் 'அடுத்து என்ன கட்ட?' என்ற கேள்வி, எட்டுத் திசையில் கப்பற்படை, வரிசையில் நிற்கும் தூதர்கள். சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் அறுபது சுற்றுக்கு ஐந்து மணி நேரம். முடிவுகளின் எடை குறையக் குறைய அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது. இந்த வகை ஆட்டங்களின் ஆதாரக் குறை இதுதான் என்பது என் கணிப்பு. கீழே வரும் பதில்களில் பல இதைத் தொடாமல் முதல் இரண்டு குறைகளையே சுற்றி வருகின்றன.

கடிகாரத்தைக் கையில் எடுத்தவர்கள்

மிகப் பழைய பதில் நேரக் கட்டுப்பாடு. அதன் பிறப்பிடம் சதுரங்கம். 1851 லண்டன் போட்டியில் நேர வரம்பே கிடையாது. ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் யோசித்தாலும் கேட்பாரில்லை. பொறுமையிழந்தவர்கள் வழி தேடினார்கள். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மணற்கடிகாரம் வைத்து ஆடினார்கள். 1883இல் அதே லண்டனில் இரட்டைக் கடிகாரம் வந்தது. 1989இல் பாபி ஃபிஷர் காப்புரிமை பெற்ற கடிகாரம் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில விநாடிகளைத் திருப்பிக் கொடுத்தது. வேகமாக ஆடியும் தரம் கெடாது என்பதற்கு நம் கண்முன் நின்ற சான்று விஸ்வநாதன் ஆனந்த். சிறுவயதில் மின்னல் வேகத்துக்குப் பெயர் பெற்றவர், 2017இல் தன் 48ஆவது வயதில் உலக ரேபிட் பட்டத்தை வென்றார்.

கணினி ஆட்டங்கள் இதைப் பல வடிவங்களில் எடுத்துக்கொண்டன. சுற்றுக்கு நேர வரம்பு ஒன்று. எல்லாரும் ஒரே சமயத்தில் ஆணையிடுவது இன்னொன்று. 2012இல் வந்த 'எண்ட்லெஸ் ஸ்பேஸ்' அப்படி. இந்த இரண்டும் காத்திருப்பு என்ற குறையை ஏறக்குறையத் தீர்த்துவிட்டன என்று சொல்லலாம். 2008இன் 'சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்' சுற்று என்பதையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஓடும் நேரத்துக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் பெரிய வரைபடத்தில் அதன் ஒரு மேட்ச் பல மணி நேரம் போகும். காத்திருப்பு ஒழிந்தும் வால் ஒழியவில்லை.

ஆட்டத்தின் ஒட்டுமொத்த வேகத்தைக் கூட்டுவது மூன்றாவது வடிவம். விண்வெளிக்கு வெளியே, இதே குடும்பத்தைச் சேர்ந்த 'சிவிலைசேஷன் 6' ஆட்டத்தில் வழக்கமான வேகம் 500 சுற்று. விரைவு வேகம் 330. இணையத்தில் பலர் ஆட 250. ஆய்வும் கட்டுமானமும் அதற்கேற்ப மலிவாகின்றன. ஆனால் ஒரு படை ஒரு சுற்றில் கடக்கும் தூரம் மாறுவதில்லை. புறப்படும்போது புதிதாக இருந்த படை எல்லையைத் தொடும்போது பழசாகிவிடுகிறது. அதனால் விரைவு வேகத்தில் போர் செய்வதைவிட வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வதே லாபம் என்றாகிவிடுகிறது. சுருங்கியது நேரம் மட்டும் இல்லை, ஆட்டமே வேறாகிவிட்டது. கடிகாரத்தைத் திருகும் எந்தத் தீர்விலும் இந்த ஆபத்து உண்டு.

தொடக்கத்தை வெட்டுவது

தாயம் ஆடியவர்களுக்கு மந்தமான தொடக்கத்தைப் பற்றி விளக்கம் தேவையில்லை. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். மற்றவர்கள் மலையேறிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கட்டையை உருட்டிக்கொண்டே இருப்பார்.

கணினியில் இதற்கு மிகத் துணிச்சலான சிகிச்சை 2015 நவம்பரில் நடந்தது. 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆட்டத்தின் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது, தொடக்கத்தில் கிடைக்கும் வேலையாட்களின் எண்ணிக்கையை 6இலிருந்து 12ஆக உயர்த்தினார்கள். கனிம இருப்பையும் குறைத்தார்கள். முதல் சில நிமிடங்களின் வெறுமை போனது; இருப்பு சீக்கிரம் தீர்வதால் புதிய இடங்களுக்குப் போய் மோதியே ஆக வேண்டும் என்றானது. பார்வையாளர்கள் கூடும் போட்டி ஆட்டத்துக்கு இது பொருத்தம். இழந்தது என்ன என்றால், தொடக்க நிமிடங்களில் செய்யக்கூடிய சில துணிச்சலான தாக்குதல் வகைகள்.

மண்டலம் பிடிக்கும் ஆட்டங்களுக்கு இந்த மருந்தை அப்படியே கொடுக்க முடியாது. அங்கே தொடக்கம்தான் உயிர். அடுத்த விண்மீனில் என்ன இருக்கும் என்று தெரியாமல் முதல் கப்பலை அனுப்பும் அந்தச் சுற்றுகளுக்காகவே பலர் ஆட்டத்தைத் திறக்கிறார்கள். பாதி வரைபடத்தைத் திறந்துகாட்டி, பத்துக் கோளைக் கையில் கொடுத்துத் தொடங்கினால், சுவையான பகுதியை வெட்டிவிட்டு சலிப்பான பகுதியை வைத்துக்கொண்டதாகும். ஆகவே 'விரைவுத் தொடக்கம்' ஒரு விருப்பத் தெரிவாக இருக்கட்டும். பொதுத் தீர்வாக அதைக் கருத முடியாது.

பொறுப்பைக் கைமாற்றுவது

நாற்பது கோளையும் ஒருவரே ஏன் பார்க்க வேண்டும், கணினி ஆளுநர்களிடம் விட்டுவிடலாமே என்பது அடுத்த பதில். 2003இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன் 3' இதை முழு மனதோடு முயன்றது. ஒவ்வொரு கோளுக்கும் ஓர் ஆளுநர். ஆட்டக்காரர் கொள்கையை மட்டும் வகுத்தால் போதும். முதல் இரண்டு பாகங்களை நேசித்தவர்கள் இதை ஏற்கவில்லை. ஆளுநர்கள் எடுக்கும் முடிவுகள் விளங்கவில்லை, ஆட்டம் தன்னைத்தானே ஆடிக்கொள்கிறது என்பது பரவலான குறையாக இருந்தது. 2010இல் வந்த 'டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்' இதே வழியை நிதானமாகக் கையாண்டது. எதை நீங்கள் பார்ப்பது, எதைக் கணினியிடம் விடுவது என்பதை நீங்களே துறைவாரியாகத் தெரிவு செய்யலாம். வேண்டுமென்றால் ஒரே ஒரு கப்பலை மட்டும் ஓட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடலாம்.

ஆளுநர் திறமையற்றவர் என்றால் ஆட்டக்காரர் நம்ப மாட்டார், எல்லாவற்றையும் தானே செய்வார், நேரம் குறையாது. திறமையானவர் என்றால் ஆட்டக்காரருக்கு வேலை இருக்காது. இந்த இடுக்கிலிருந்து எந்த ஆட்டமும் முழுக்கத் தப்பியதாகத் தெரியவில்லை. எதைக் கணினியிடம் கூசாமல் விட்டுவிட முடிகிறதோ, அது ஆட்டத்தில் இருந்திருக்கவே வேண்டுமா என்ற கேள்வியும் எழுகிறது. சுற்றுகளின் எண்ணிக்கையைத் தொடாமல் ஒவ்வொரு சுற்றின் பாரத்தை மட்டும் குறைக்கும் வழி இது.

முடிவை முன்னே இழுப்பது

மீதமுள்ள பதில்களில் மிகவும் கவனிக்கத்தக்கது, வெற்றியின் வரையறையையே மாற்றுவது. இதன் வலுவைக் காட்ட மூன்று சதுரங்கப் போட்டிகளை அருகருகே வைக்க வேண்டும்.

1984 செப்டம்பரில் மாஸ்கோவில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகக் கார்போவும் காஸ்பரோவும் மோதத் தொடங்கினார்கள். விதி: முதலில் 6 ஆட்டம் வெல்பவர் சாம்பியன், சமநிலைக்குக் கணக்கில்லை. ஐந்து மாதம் போனது. 48 ஆட்டம் முடிந்தும் கார்போவ் 5, காஸ்பரோவ் 3. மீதி 40 ஆட்டமும் சமநிலை. 1985 பிப்ரவரி 15 அன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் காம்போமானஸ் போட்டியை நிறுத்தினார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெற்றிக்கான விதியில் மேல்வரம்பு இல்லாததுதான் குறை. அடுத்து நடந்த போட்டி 24 ஆட்டம் என்ற வரம்போடு வந்தது.

2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்செனும் மோதியது 12 ஆட்டத் தொடர். கார்ல்சென் 6.5 புள்ளியைத் தொட்டதும், 10ஆவது ஆட்டத்தோடு முடிந்தது. மீதி இரண்டை ஆடவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடியது 14 ஆட்டத் தொடர். கடைசி ஆட்டம் வரை போய், 12ஆம் தேதி அங்கேதான் தீர்ந்தது. இரண்டுக்கும் விதி ஒன்றே: பாதிக்கு மேல் புள்ளி எடுத்தவுடன் முடிவு. ஒருதலைப்பட்சமாகப் போனால் அது போட்டியைச் சுருக்குகிறது. இழுபறியாக இருந்தால் நீட்டுகிறது. ஒரு போட்டியின் நீளம் அதிலுள்ள ஐயத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தீர்வுகளையும் இந்த அளவுகோலால் அளக்கலாம்.

விண்வெளி ஆட்டங்களில் இந்த எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது. 1993இன் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' அவ்வப்போது ஒரு பேரவையைக் கூட்டும். மக்கள்தொகைக்கேற்ற வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற்றவர் மண்டலத்தின் பேரரசர், ஆட்டம் முடிந்தது. தோற்றவர் தீர்ப்பை ஏற்க மறுத்து எல்லாருக்கும் எதிராகக் கடைசிப் போரில் இறங்கவும் வழியுண்டு. முப்பது ஆண்டுக்குப் பிறகும் இதைவிட நேர்த்தியான விதி அதிகம் வரவில்லை என்றே சொல்வேன். பெரும்பான்மையைப் பிடித்தவர் மிச்சத்தையும் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. அதே சமயம் பக்கத்து அரசுகளோடு நட்பு வைத்துக்கொள்ளாதவர் எவ்வளவு பெரியவராயினும் வாக்கு கிடைக்காது.

மேசையில் ஆடும் விண்வெளி ஆட்டங்கள் வேறு இரண்டு வழிகளைக் காட்டின. 1997இல் முதலில் வந்த 'ட்வைலைட் இம்பீரியம்' இப்போதைய பதிப்பில் 10 புள்ளி எடுப்பவரை வெற்றியாளர் என்கிறது. புள்ளிகள் சிறுசிறு இலக்குகளுக்கு: இத்தனை கோளை வைத்திரு, இவ்வளவு வளத்தைச் செலவிடு, நடுமண்டலத்தைப் பிடி. 2011இன் 'எக்லிப்ஸ்' ஒன்பது சுற்று என்று கறாராக எல்லை போட்டது. சுற்று வரம்பால் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். ஆனால் கடைசிச் சுற்றில், நாளை என்பது இல்லாததால், வீட்டைக் காவலின்றி விட்டுவிட்டு எல்லாரும் பாய்கிறார்கள். கணினியில் 'ஸ்டெல்லாரிஸ்' (2016) 2200ஆம் ஆண்டில் தொடங்குகிறது. வழக்கமான அமைப்பில் 2500ஆம் ஆண்டு புள்ளி பார்த்து வெற்றியாளரை அறிவிக்கிறது. இது எல்லை மட்டுமே. 2350இல் தீர்ந்துவிட்ட ஆட்டமும் 2500 வரை ஓடும். சென்னையில் நடந்தது போல இடையில் நிற்காது. இதோடு ஒப்பிட, வடிவமைப்பாளர் சோரன் ஜான்சனின் 'ஓல்ட் வேர்ல்ட்' ஆட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. குறிப்பிட்ட புள்ளியை எட்டி, அடுத்த இடத்தில் இருப்பவரைப் போல் இரு மடங்கும் வைத்திருந்தால் உடனே வெற்றி. ஐயம் தீர்ந்ததும் ஆட்டமும் தீர்கிறது.

இந்த இடத்தில் தருமபுரி வருகிறது. பழைய தகடூர் நாடான இந்த மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் பல வைக்கப்பட்டுள்ளன. வில்லோ வாளோ ஏந்திய வீரன், சில கற்களில் அவன் பக்கத்தில் சிறியதாகச் செதுக்கிய மாடு, மேலே வட்டெழுத்தில் மன்னனின் ஆட்சியாண்டு, எந்தத் தொறுவுக்காக (மாட்டு மந்தைக்காக) யார் பட்டான் என்ற செய்தி. இவற்றில் பெரும்பகுதி ஆநிரைப் பூசல்கள். ஊரைப் பிடிப்பதோ எதிரியை வேரறுப்பதோ அந்தப் பூசலின் நோக்கம் இல்லை. மாட்டைக் கவர்ந்தால் ஒருவனுக்கு வெற்றி, மீட்டால் மற்றவனுக்கு. அதே மண்ணில் மற்றொரு வகைப் போரும் நடந்தது: சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூர்க் கோட்டையை முற்றி அழித்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. ஆநிரை கவர்தல் வெட்சி, மதில் முற்றுதல் உழிஞை, நேருக்கு நேர் பொருவது தும்பை. ஒவ்வொன்றுக்கும் தனி நோக்கம், தனி முடிவு.

இந்த ஆட்டங்களை வடிவமைத்தவர்கள் நடுகல்லைப் பார்த்து வடிவமைத்தார்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் அளவுபட்ட இலக்கோடு மோதி, இலக்கு எட்டியதும் நிறுத்திக்கொள்வது போரின் மிகப் பழைய வடிவம் என்பதையும், முழு ஒழிப்பு அதன் ஒரு வகை மட்டுமே என்பதையும் அவை நினைவூட்டுகின்றன. ஃபோர் எக்ஸ் என்ற பெயரில் 'ஒழி' என்ற சொல் ஏறி உட்கார்ந்துகொண்டதால், ஒழிப்பை இயல்பான முடிவாகவும் மற்றவற்றை மாற்று வழிகளாகவும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. 'ட்வைலைட் இம்பீரிய'த்தின் சிறு இலக்குகள் வெட்சிப் பூசலுக்குத்தான் நெருக்கமானவை. அவற்றால் ஆட்டம் முடிவதும் எளிதாகிறது.

குறைகளும் சிறியவை இல்லை. மூன்று பேருக்கு மேல் ஆடும்போது, தான் வெல்ல முடியாதவர் யார் வெல்வது என்று தீர்மானிக்கும் நிலை வந்துவிடுகிறது. ஒன்பது புள்ளியில் இருப்பவரை மற்ற எல்லாரும் சேர்ந்து தடுப்பதால் ஆட்டம் திரும்ப இழுக்கிறது. கணினி எதிரிகளோடு தனியாக ஆடுபவருக்கு, வரைபடத்தில் பாதி பிறர் நிறத்தில் இருக்கும்போதே 'வென்றீர்கள்' என்று திரை சொல்வது ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

இன்னொரு தடையும் உண்டு. சதுரங்கத் தொடரில் ஒவ்வோர் ஆட்டமும் வெறும் பலகையில் புதிதாகத் தொடங்குகிறது. பேரரசு அப்படித் தொடங்குவதில்லை. 2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன் 7' ஆட்டத்தை மூன்று யுகமாகப் பிரித்து, யுகம் மாறும்போது பலவற்றைச் சமன் செய்தது. பலர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்பதை அதன் உருவாக்குநர்களே காரணமாகச் சொன்னார்கள். வரவேற்பு இரண்டுபட்டது, கட்டியதைப் பறிகொடுப்பது பலருக்குப் பொறுக்கவில்லை. பல்லாங்குழி இதற்கு நடுவில் நிற்கிறது. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய் என்று தொடங்கினால், முதல் சுற்றில் தோற்றவர் கையிலுள்ள காயால் எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையோடு அடுத்த சுற்றுக்கு வருவார். நிரப்ப முடியாத குழி ஆட்டத்திலிருந்து விலகும். வென்றவரின் லாபம் செல்லுபடியாகிறது. கூடவே ஆடுகளமும் சுருங்குகிறது. பின்தங்கியவரின் ஆட்டம் குறுகிக்கொண்டே போய் முடிவை நெருங்கும் இந்த அமைப்பை விண்வெளி ஆட்டங்கள் ஏன் முயன்று பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அங்கே பேரரசுகள் அழிய அழிய வெற்றியாளரின் வேலை கூடிக்கொண்டேதான் போகிறது.

பின்தங்கியவரைத் தூக்கிவிடுவது

வாலைச் சுவையாக்கிவிட்டால் நீளம் உறுத்தாது என்று சிலர் வாதிடுகிறார்கள். 1996இன் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன் 2' ஆட்டத்தில் ஆன்டாரன்கள் என்ற வலிய இனம் வேறொரு பரிமாணத்திலிருந்து வந்து தாக்கும். 'ஸ்டெல்லாரிஸ்' பின்கட்டத்தில் மண்டலம் முழுவதையும் மிரட்டும் பேராபத்து ஒன்றை இறக்கிவிடும். முன்னணியில் இருப்பவருக்குப் புது எதிரி கிடைக்கிறார். ஐயம் மீண்டும் பிறக்கிறது. தனியாக ஆடுவோருக்கு இது நல்ல பலன் தருகிறது.

ஆனால் இது ஆட்டத்தைச் சுருக்கும் வழி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. பல ஊர்களில் எதிரியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போக முடியும். கடைசிவரை யாருக்கும் நம்பிக்கை போகாது, ஒரு பொழுது முழுக்க ஆட்டமும் முடியாது. பின்தங்கியவருக்கு உதவுவதும் சீக்கிரம் முடிப்பதும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் நோக்கங்கள். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் தருவதாக வாக்குறுதி அளிப்பவர்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

தோல்வியை ஒப்புக்கொள்வது

விதியைத் தொடாமலே வாலை வெட்டும் வழி இது. சதுரங்கத்தில் தேர்ந்தவர்கள் மாட் ஆகும்வரை ஆடுவது அரிது, கைகொடுத்து எழுந்துவிடுவார்கள். 'ஸ்டார்கிராஃப்ட்' ஆடுவோர் 'ஜிஜி' (நல்ல ஆட்டம்) என்று தட்டச்சு செய்துவிட்டு விலகுகிறார்கள். இருவர் ஆட்டத்தில் இதுவே போதுமான தீர்வு. ஆறு பேர் ஆட்டத்தில் ஒருவர் விலகினால் அவர் நிலம் பக்கத்தில் இருப்பவருக்கு இலவசமாகிவிடும். கணினி எதிரிகள் சரணடைவதை 'கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ்' வரிசை செய்து பார்த்தது. தோற்கும் அரசு தன் கோள்களை நம் போட்டியாளரிடம் ஒப்படைத்துவிட்டால் ஆட்டம் முடிவதற்குப் பதில் மறுபடி சூடு பிடிக்கும்.

நீளம் குறையே இல்லை என்பவர்கள்

இவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1990களின் 'ஸ்டார்ஸ்!' மின்னஞ்சலில் நாளுக்கு ஒரு சுற்று என்று மாதக்கணக்கில் ஆடப்பட்டது. 2010இன் 'நெப்ட்யூன்ஸ் ப்ரைட்' ஆட்டத்தில் ஒரு கப்பல் அடுத்த விண்மீனை அடையவே நிஜ உலகில் பல மணி நேரம் ஆகும், வாரக்கணக்கில் நடக்கும். இரண்டிலும் ஆட்டக்காரர் நாளுக்குச் சில நிமிடங்களே செலவிடுகிறார். இடையில் நண்பர்களோடு பேரம், சதி, உடன்படிக்கை. ஆட்டம் வாழ்க்கையோடு சேர்ந்து ஓடுகிறது. நெப்ட்யூனில் வெற்றிக்குப் பாதி விண்மீன்கள் போதும் என்பதையும் கவனிக்க வேண்டும். நீண்ட ஆட்டத்தை உருவாக்கியவர்கள்கூட வாலை வெட்டத்தான் செய்திருக்கிறார்கள். 'ஸ்டெல்லாரிஸ்' ஆடுவோரில் ஒரு பகுதியினர் வெற்றிக்காக ஆடுவதே இல்லை. தங்கள் பேரரசின் கதையை வளர்ப்பதே அவர்களுக்கு இன்பம். அவர்களிடம் போய் 'சீக்கிரம் முடிக்கலாம்' என்பது பொருந்தாத பேச்சு.

இன்னும் தீராதவை

மேலே கண்டவற்றை வைத்துப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். காத்திருப்பு என்ற குறைக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. மந்தத் தொடக்கம் போட்டி ஆட்டங்களில் தீர்ந்தது. மற்றவற்றில் அதைத் தீர்க்க வேண்டுமா என்பதே ஐயம். வால் இன்னும் இருக்கிறது. அதற்கு வேகத்தைக் கூட்டுவது உதவவில்லை. வெற்றி விதியைத் தீர்ப்பு நடந்த கணத்துக்கு அருகில் கொண்டுவருவது மட்டுமே உதவியிருக்கிறது.

அந்தக் கணத்தை எப்படி அறிவது என்பது திறந்த கேள்வி. சதுரங்கத்தில் கணினி நிலையை எடைபோட்டுச் சொல்லிவிடும். பத்துப் பேரரசு, மறைந்த வரைபடம், மாறும் கூட்டணி உள்ள ஆட்டத்தில் அப்படி எடைபோடுவது எவ்வளவு நம்பத்தக்கது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. எண் சரியாகவே இருந்தாலும், 'நீ தோற்றுவிட்டாய்' என்று கணினி அறிவிப்பதை ஆட்டக்காரர் ஏற்பாரா என்பது வேறு கேள்வி. பலர் கலந்துகொள்ளும் ஆட்டத்தில், வெல்ல முடியாதவர் யாரைத் தூக்கிவிடுவது என்ற சிக்கலுக்கும் நிறைவான விடை கிடையாது.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. 'ஸ்டெல்லாரிஸ்', 'ஸ்டார்கிராஃப்ட் 2' இரண்டும் தமிழில் கிடைப்பதில்லை. முதலாவது பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்க வைக்கும் ஆட்டம். தமிழ்வழியில் படித்த ஒருவருக்குச் சுற்றின் நீளம் என்பது விதியால் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு செய்தியையும் படித்துப் புரிந்துகொள்ளும் நேரமும் அதில் சேரும். நீளம் பற்றிய பேச்சில் இது கணக்கில் வருவதே இல்லை.

தருமபுரியிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ நாலு பேர் சேர்ந்து ஆட உட்கார்ந்தால் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு மாலைப் பொழுது. அப்படி ஒரு மேட்ச் நடத்துகிறவர்கள் அமைப்புத் திரையில் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் வெற்றி நிபந்தனையைத் திறந்து பாருங்கள். பாதி விண்மீன் போதும், அல்லது அடுத்தவரைப் போல் இரு மடங்கு போதும் என்று நீங்களே பேசி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்; ஆட்டம் அனுமதிக்காவிட்டாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். இங்கே கல்லூரிகளில் சொந்தமாக ஆட்டம் எழுதிப் பார்க்கும் மாணவர்கள் கப்பலையும் கோளையும் வரையத் தொடங்கும் முன்பே, ஆட்டம் எந்த நிலையில் முடியும் என்ற ஒரு வரியை முதலில் எழுத வேண்டும்.